பின்படலையால் வந்தவ

எங்களூரில் ஒருவர் இறந்தால், 31ஆம் நாள் அந்தியேட்டி முடிந்து மதியச் சாப்பாட்டுக்கு வருகிறவர்களுக்கு ஒரு சிறு புத்தகம் கொடுப்பார்கள். அதற்குப் பெயர் கல்வெட்டு. முன் அட்டையில் இறந்தவரின் படம், உள்ளே தேவாரங்கள், திதி வெண்பா, வாழ்க்கைக் குறிப்பு, வம்சாவழி, கடைசிப் பக்கத்தில் நன்றி நவிலல். பெரும்பாலானோர் படத்தைப் பார்த்துவிட்டு அதைச் சாமியறைத் தட்டில் வைத்துவிடுவார்கள். ஆனால் எங்கள் குடும்பங்களில் பலருக்கு அதுதான் எழுத்தில் உள்ள ஒரே வரலாறு.

நான் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் வரலாற்றை ஒரு பாடமாக எடுத்து இரண்டு வருடம் படித்தவன். முடிக்கவில்லை. ஒரு சாசனத்தை வாசிக்கும்போது, அதை வெட்டுவித்தவன் யார், எதற்காக வெட்டுவித்தான், எதை வெட்டாமல் விட்டான் என்று மூன்று கேள்வி கேட்கவேண்டும் என்று அங்கே ஒரு விரிவுரையாளர் சொல்லித் தந்தார். 2016இல் என் அம்மம்மாவின் தங்கை, நாங்கள் சின்னாச்சி என்று கூப்பிடுகிறவர், 85 வயதில் இறந்தபோது கல்வெட்டுக்கு வாழ்க்கைக் குறிப்பு எழுதும் பொறுப்பு என்னிடம் வந்தது. "நீதானே கம்பஸிலை படிச்சனி" என்றார்கள். பாரிசில் நான் வேலை செய்கிற உணவகத்தின் நிலக்கீழ் அறையில், மதியச் சாப்பாட்டு வேலை முடிந்து மாலை வேலை தொடங்குவதற்கு இடைப்பட்ட மூன்று மணித்தியாலத்தில், வெங்காய மூட்டைகளுக்குப் பக்கத்திலிருந்து அதை எழுதினேன். அந்த மூன்றாவது கேள்விக்கு நான் பதில் சொல்லவேண்டியவன். இந்தக் கட்டுரையை அந்தக் கல்வெட்டுக்கான திருத்தமாக எடுத்துக்கொள்ளுங்கள்.

கல்வெட்டில் அச்சானது இவ்வளவுதான். சின்னாச்சி 1931இல் சுதுமலையில் பிறந்தார். 1951இல் கொழும்பு டீ சொய்சா மகப்பேற்று மனைக்குப் பயிற்சிக்குப் போனார். 1953 முதல் 1986 வரை 33 வருடம் அரச மருத்துவமாதாகச் சேவை செய்தார். திருமணம் செய்யவில்லை. "மானிப்பாயில் தமிழில் மருத்துவம் கற்பித்த டொக்டர் கிறீன் அவர்களைத் தன் வழிகாட்டியாகக் கொண்டு வாழ்ந்தார்."

இதில் பொய் எதுவும் இல்லை. பாதி இல்லை, அவ்வளவுதான். இருக்கிற பாதியை முதலில் சொல்கிறேன். அதுவும் சொல்லப்படவேண்டிய கதைதான்.

*

சாமுவேல் பிஸ்க் கிறீன் 1822இல் அமெரிக்காவில் மசாசூசெட்ஸ் மாநிலத்து வூஸ்ரரில் பிறந்தவர். அமெரிக்க மிஷன் 1816இலேயே யாழ்ப்பாணத்துக்கு வந்துவிட்டது. கிறீன் 1847இல் வந்தார். முதலில் வட்டுக்கோட்டை, அடுத்த வருடம் மானிப்பாய். அவருக்கு முன்னும் மிஷன் வைத்தியர்கள் இருந்தார்கள். ஆனால் கிறீன் இரண்டு விஷயங்களில் வேறுபட்டார். முதலாவது, நோயாளிகளைப் பார்ப்பதோடு நிற்காமல் ஊர்ப் பிள்ளைகளையே வைத்தியர்களாக்கத் தொடங்கினார். இரண்டாவது, அதைத் தமிழில் செய்யவேண்டும் என்று முடிவெடுத்தார்.

அந்த இரண்டாவது முடிவு இலேசானதல்ல. ஆரம்பத்தில் அவரும் ஆங்கிலத்தில்தான் கற்பித்தார். ஆங்கிலம் படித்த பெடியள் அரசாங்க உத்தியோகத்துக்கும் வெளியிடங்களுக்கும் போய்விட, ஊரில் கொலரா வந்தபோது ஊரில் ஆளில்லை. 1864இலிருந்து வகுப்புகள் தமிழுக்கு மாறின. தமிழில் கற்பிக்கப் புத்தகம் வேண்டும், புத்தகத்துக்குச் சொல் வேண்டும். தமிழ்ச் சொல் இருந்தால் தமிழ், இல்லாவிட்டால் வடசொல், அதுவும் இல்லாவிட்டால் ஆங்கிலச் சொல்லைத் தமிழ் எழுத்தில் என்று ஒரு ஒழுங்கு வைத்துக்கொண்டு, தன் மாணவர்களோடு உட்கார்ந்து மொழிபெயர்த்தார். அந்த மாணவர்களில் சிலருக்கு டன்போர்த், சாப்மன் என்று மிஷன் வைத்த அமெரிக்கப் பெயர்கள். ஆட்கள் யாழ்ப்பாணத்தார்தான். 'இரணவைத்தியம்' 1867இல் வந்தது. 1872இல் 'மனுஷ அங்காதிபாதம்', 'வைத்தியாகரம்'. 1875இல் இரசாயனத்துக்கு 'கெமிஸ்தம்'. உடற்றொழிலுக்கு அவர்கள் வைத்த சொல் 'சுகரணம்'. இவற்றுக்கெல்லாம் முன்னதாக 1857இல் வந்தது 'பிரசவ வைத்தியம்'. அந்தப் புத்தகத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

யாழ்ப்பாணத்தாரைக் கிறிஸ்தவர்களாக்குவதுதான் தன் வேலை, ஐரோப்பியர்களாக்குவதல்ல என்று அவர் நினைத்தார். மாணவர்கள் காற்சட்டை போட்டுக்கொண்டு வருவது அவருக்குப் பிடிக்கவில்லை. உடல்நலம் கெட்டு 1873இல் ஊர் திரும்பியபோது அறுபதுக்கு மேற்பட்டவர்களை வைத்தியர்களாக்கியிருந்தார். அவர்களில் ஏறத்தாழப் பாதிப்பேர் தமிழிலேயே படித்தவர்கள். திரும்பிப் போன பிறகும் தமிழ்ப் புத்தகங்களை விடவில்லை. 1884இல் இறந்தார். தமிழருக்கு மருத்துவ ஊழியம் செய்தவர் என்று தன் கல்லறையில் பொறிக்கும்படி கேட்டுக்கொண்டார். அதுவும் ஒரு கல்வெட்டு.

ஆனால் காலம் அவர் பக்கம் இருக்கவில்லை. கொழும்பில் 1870இல் தொடங்கிய மருத்துவப் பள்ளி ஆங்கிலத்தில் நடந்தது. உத்தியோகமும் சம்பளமும் அங்கேதான் இருந்தன. தமிழில் படித்த வைத்தியருக்கு அரசாங்கத்தில் இடமில்லை. யாழ்ப்பாணத்துப் பெற்றோர் கணக்குப் பார்த்தார்கள். கிறீனின் புத்தகங்கள் மெல்ல மெல்லப் பரணுக்குப் போயின.

எங்கள் வீட்டுப் பரணுக்கும் ஒன்று வந்து சேர்ந்தது. சின்னாச்சியின் தகப்பனாருடைய பெரியப்பா ஒருவர் மானிப்பாயில் மருந்து கட்டுகிற வேலை பழகியவராம். அவருடைய பெட்டிக்குள் ஏட்டுச் சுவடிகளோடு 'பிரசவ வைத்தியம்' கிடந்தது. சின்னாச்சி பன்னிரண்டு வயதில் அதைக் கண்டெடுத்து, நெல்லு மூட்டைக்குப் பின்னால் இருந்து எழுத்துக்கூட்டி வாசித்திருக்கிறார். பொம்பிளைப் பிள்ளை பார்க்கக்கூடாத படங்கள் உள்ள புத்தகம். கண்டிருந்தால் அடி விழுந்திருக்கும்.

1949இல் எஸ்.எஸ்.சி. பாஸ் பண்ணிவிட்டு மருத்துவமாதுப் பயிற்சிக்கு விண்ணப்பிக்கப்போகிறேன் என்றபோது வீட்டில் இடி விழுந்தது. "உது ஆற்றை வேலை எண்டு தெரியுமோ? எங்கட வீட்டுப் பெட்டை ஊத்தை அள்ளப் போறதோ?" ஒரு வருடத்துக்கு மேல் தகப்பன் மகளோடு முகம் கொடுத்துக் கதைக்கவில்லை. கடைசியில் சின்னாச்சி அந்தப் புத்தகத்தைக் கொண்டுவந்து தகப்பனுக்கு முன்னால் வைத்தார். வெள்ளைக்காரத் துரை ஒருவர், அதுவும் பெரிய படிப்புப் படித்தவர், தமிழில் எழுதிவைத்த சாத்திரம் இது, எங்கட பெரியப்பா படித்தது என்றார். தகப்பன் புத்தகத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாராம். பிறகு சம்மதித்தார். கிறீன் இறந்து 66 வருடத்துக்குப் பிறகு எங்கள் வீட்டில் ஒரு பெண்ணுக்குக் கதவு திறந்துவிட்டார் என்பது உண்மை.

*

சின்னாச்சி மரியாதையோடு சொல்லும் இன்னொரு பெயர் டொக்டர் மேரி ரட்ணம். எங்கள் ஆட்களுக்கு அவரை அதிகம் தெரியாது. தெரிந்திருக்கவேண்டும்.

1873இல் கனடாவில் பிறந்தவர். 1896இல், மருத்துவப் படிப்பை முடித்த கையோடு, யாழ்ப்பாணத்தில் பெண்களுக்காக அமையவிருந்த ஆஸ்பத்திரிக்கு அமெரிக்க மிஷன் அவரைத் தெரிவுசெய்தது. அதுதான் பிறகு இணுவிலில் எழும்பிய மக்லியொட் ஆஸ்பத்திரி. ஆனால் வருவதற்கு முன்பே அவர் யாழ்ப்பாணத் தமிழர் ஒருவரைத் திருமணம் செய்துகொண்டார். மாப்பிள்ளை கிறிஸ்தவர்தான், படித்தவர்தான். இருந்தும் மிஷன் அவரை ஏற்க மறுத்தது. சுதேசியைக் கட்டிய வெள்ளைப் பெண்ணுக்கு இடமில்லை.

அவர் திரும்பிப் போகவில்லை. கொழும்பில் தங்கிப் பெண்களுக்கு வைத்தியம் செய்தார். 1927இல் பெண்களுக்கு வாக்குரிமை கேட்டுச் சங்கம் அமைத்தவர்களில் ஒருவரானார். 1931இல், சின்னாச்சி பிறந்த வருடத்தில், இலங்கைப் பெண்கள் முதல் தடவையாக வாக்களித்தார்கள். கிராமத்துப் பெண்களுக்கென்று மகிளா சமிதியைத் தொடக்கினார். 1958இல் மக்சேசே விருது பெற்றார். 1962இல் இறந்தார்.

இந்தக் கதையை இணுவில் ஆஸ்பத்திரியில் வேலை செய்த மூத்த தாதி ஒருவரிடம் சின்னாச்சி கேட்டிருக்கிறார். அதைச் சொல்லிவிட்டு என்னிடம் ஒரு வசனம் சொன்னார்: "தீண்டக்கூடாது எண்டுறது எங்கட ஆக்களிட்டை மட்டும்தான் கிடக்குது எண்டு நினைச்சுக்கொண்டிருந்தன் மோனை. பைபிள் கொண்டுவந்தவையும் அதைத்தான் செய்தவை."

அந்த வசனத்தில் ஒரு சொல் அன்றைக்கு என் காதில் சரியாக விழவில்லை. 'தீண்டக்கூடாது.' அவர் ஏன் அந்தச் சொல்லை எடுத்தார் என்று 2014இல்தான் விளங்கியது.

*

அது ஒரு ஞாயிற்றுக்கிழமை. எனக்கு ஓய்வுநாள். தொலைபேசியில் கதைத்துக்கொண்டிருந்தோம். கிறீனைப் பற்றி எப்போதாவது எழுதவேண்டும், பல்கலைக்கழகத்தில் அதைத்தான் ஆய்வாகச் செய்ய நினைத்திருந்தேன் என்று சொல்லிவிட்டு, "அந்தப் புத்தகத்தைப் பாத்துத்தானே சின்னாச்சி உங்களுக்கு இந்த வேலையிலை ஆசை வந்தது?" என்று கேட்டேன். கொஞ்ச நேரம் சத்தமில்லை. இணைப்பு அறுந்துவிட்டது என்று நினைத்தேன்.

"இல்லை" என்றார். "புத்தகம் பிறகு. முதல் அவ."

1941 கார்த்திகை. சின்னாச்சிக்குப் பத்து வயது. தாய்க்கு ஏழாவது பிரசவம். மழை இரவு. பின்படலையால் மருத்துவிச்சி வந்தார். முன்படலையால் வரமுடியாது. முடிதிருத்தும் தொழில் விதிக்கப்பட்ட சாதியின் பெண்களுக்கு யாழ்ப்பாணத்தில் விதிக்கப்பட்ட வேலை பிள்ளைப்பேறு பார்ப்பது. பிறப்பு வீட்டுத் துடக்கை மற்றவர்கள் தொடாமலிருக்க அவர்கள் தொட்டார்கள். கூலி என்று காசு இல்லை. அறுவடைக்கு நெல்லு, 31ஆம் நாள் துடக்குக் கழிவுக்கு ஒரு சேலை.

சொந்தக்காரப் பெண்கள் எல்லோரும் விறாந்தையில் இருந்தார்கள். உள்ளே லாம்பு பிடிக்க ஆள் வேண்டும். பத்து வயதுப் பெட்டையைத் தள்ளிவிட்டார்கள். "நாச்சியார், லாம்பை அசைக்காமல் பிடியுங்கோ. பயமெண்டால் என்ரை கையை மட்டும் பாருங்கோ" என்றாராம் மருத்துவிச்சி. சின்னாச்சி அந்தக் கையையே பார்த்தார். முதலில் அந்தக் கைகள் ஒன்றோடொன்று உரசிச் சூடேறின. பிறகுதான் தாயின் வயிற்றைத் தொட்டன.

பிள்ளை பிறந்தது. பிறகு இரத்தம் நிற்கவில்லை. பாய் நனைந்து மண்ணில் இறங்கியது. மருத்துவிச்சி ஒரு கையால் அடிவயிற்றைப் பிசைந்து பிசைந்து தேய்த்தார். மற்றக் கையால் பிள்ளையை எடுத்துத் தாயின் முலையில் வைத்தார். மூன்று நாளைக்குப் பால் கொடுக்கக்கூடாது என்று விறாந்தையிலிருந்து கிழவிகள் கத்தினார்கள். அவர் கேட்கவில்லை. கொஞ்ச நேரத்தில் வயிறு தேங்காய் மாதிரி இறுகியது. இரத்தம் நின்றது. தாய் இன்னும் 38 வருடம் இருந்தார்.

பத்து வருடம் கழித்து டீ சொய்சாவில் வகுப்பு. பிள்ளை பிறந்தபின் இரத்தப்பெருக்கு வந்தால் கருப்பையைத் தேய்த்துச் சுருங்கப்பண்ணவேண்டும், பிள்ளையை முலையில் போட்டால் அது இன்னும் சுருங்கும் என்று ஆசிரியை சொல்ல, சின்னாச்சி எழுந்து வெளியே போய் அழுதாராம்.

ஆனால் சின்னாச்சி எதையும் ஒருபக்கமாகச் சொல்கிறவர் அல்ல. அதே மருத்துவிச்சி கொப்பூழ்க்கொடியை வெட்டிவிட்டுத் துணி எரித்த சாம்பலை அதில் அப்பினார். எங்கள் அயலில் எட்டாம் நாள், ஒன்பதாம் நாள் வலிப்பு வந்து செத்த குழந்தைகளைக் கொத்திப் பேய் அடித்தது என்றார்கள். அது ஏற்புவலி, கொப்பூழ் வழியாகப் போகிற கிருமி என்பதையும் அதே வகுப்பில்தான் சின்னாச்சி படித்தார். "தாயைக் காப்பாத்தின கைதான் மோனை சாம்பலையும் வைச்சது. ரெண்டையும் அறியாமல் செய்யேல்லை. அறிஞ்ச மட்டுக்குச் செய்தது."

*

இலங்கையின் மருத்துவமாதுகளைப் பற்றி உலகமெல்லாம் புகழ்ந்து எழுதுகிறார்கள். நியாயம்தான். 1926இல் களுத்துறையில் முதலாவது சுகாதாரப் பிரிவு தொடங்கியது. அதன் வழியில் ஊருக்கு ஊர் பயிற்றப்பட்ட மருத்துவமாது என்ற முறை பரவியது. 1930களில் ஒரு இலட்சம் உயிர்ப்பிறப்புக்கு இரண்டாயிரத்துக்கும் அதிகமான தாய்மார் இறந்த நாடு இது. 1950களின் தொடக்கத்தில் அது ஐந்நூறளவுக்கு இறங்கியது. இலவச ஆஸ்பத்திரி, மலேரியா ஒழிப்பு, பென்சிலின் எல்லாம் சேர்ந்த பலன். ஆனால் குடையும் பையுமாக ஒழுங்கை ஒழுங்கையாக நடந்து, கர்ப்பிணிகளைப் பதிந்து, ஆபத்தானவர்களை ஆஸ்பத்திரிக்கு அனுப்பிய பெண்கள் இல்லாமல் இது நடந்திருக்காது. சின்னாச்சி அவர்களில் ஒருவர். கிறீன் வைத்தியர்களை வைத்துச் செய்ய நினைத்ததை, அதாவது தாய்க்கு விளங்கும் பாஷையில் வைத்தியத்தை ஊருக்குள் கொண்டுபோவதை, கடைசியில் செய்தவர்கள் இவர்கள்தான் என்று எனக்குப் படுகிறது.

அந்த முறையின் மறுபக்கத்தை யாரும் எழுதுவதில்லை. பயிற்றப்பட்டவர் வந்தால் பயிற்றப்படாதவர் போகவேண்டும்.

1956இல் சின்னாச்சி எங்களூர் அடங்கிய பகுதிக்கு மாற்றலாகி வந்தார். ஒரு வீட்டில் பிரசவம் என்று தகவல் கிடைத்து அவர் போய்ச் சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. பழைய மருத்துவிச்சிதான் பார்த்திருந்தார். ஒன்பதாம் நாள் குழந்தை வலிப்பில் இறந்தது. அறிக்கை எழுதவேண்டும். பிரசவம் பார்த்தவர் என்ற இடத்தில் 'பயிற்சியற்ற மருத்துவிச்சி' என்று எழுதினார். அடுத்து, பெயர்.

சின்னாச்சிக்குப் பெயர் தெரியவில்லை. பதினைந்து வருடமாகத் தெரிந்த பெண். சின்னாச்சியின் கூடப்பிறந்தவர்கள் எல்லோரும் விழுந்த கை. வீட்டில் அவருக்குப் பெயர் இருந்ததில்லை. மருத்துவிச்சி என்பார்கள், இல்லாவிட்டால் சாதியைச் சொல்லிக் கூப்பிடுவார்கள். பத்து வயதுப் பெட்டை அவரை நீ என்றும், அவர் பெட்டையை நாச்சியார் என்றும் கதைத்துக்கொண்டார்கள். சின்னாச்சி பெயர் என்ற இடத்தில் 'தெரியாது' என்று எழுதிக் கையெழுத்து வைத்தார். அடுத்த ஒழுங்கைக்குப் போய் ஒரு சொல் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை.

அதிகாரிகள் வந்து எச்சரித்துவிட்டுப் போனார்கள். வீடுகள் மருத்துவிச்சியைக் கூப்பிடுவதை நிறுத்தின. நெல்லு நின்றது. சேலை நின்றது.

சமூகக் குறைபாடுகள் தடைச் சட்டம் 1957இல் வந்தது. சாதி பார்த்து ஒருவரைப் பொது இடத்தில் தடுப்பது குற்றம் என்றது. எங்கள் பகுதிகளில் சட்டத்துக்கு என்ன மதிப்பு என்று வாசகர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. 1930ஐ ஒட்டிய வருடங்களில், பள்ளிக்கூடத்தில் எல்லாப் பிள்ளைகளும் சரிசமமாக இருக்கவேண்டும் என்ற சமஆசன உத்தரவுக்காகப் பள்ளிக்கூடங்களையே கொளுத்தியவர்கள் நாங்கள். 1968இல் மாவிட்டபுரத்தில் கோயில் வாசலில் நின்று அடித்தவர்கள் நாங்கள்.

சட்டம் வந்த அடுத்த வருடம், 1958இல், மருத்துவிச்சி சின்னாச்சி வீட்டுக்கு வந்தார். பின்படலையால்தான். கேட்க ஒன்றுமில்லை, பார்க்க வந்தேன் என்றார். அடுப்படித் தாழ்வாரத்துக்கு வெளியே மண்ணில் இருந்தார். சின்னாச்சி வெள்ளைச் சீலையோடு கதிரையில் இருந்தார். பையைத் திறந்து காட்டச் சொல்லிக் கேட்டார். கத்தரிக்கோல், இடுக்கி, தராசு, டெற்றோல் போத்தல். "உதெல்லாம் அவிக்கிறனீங்களோ?" "ஓம்." "நல்லது. எங்களுக்கு ஒருத்தரும் சொல்லேல்லை."

சின்னாச்சியின் தாய் தேத்தண்ணி கொண்டுவந்தார். மகளுக்கு மூக்குப்பேணியில். தன்னுடைய உயிரைக் காப்பாற்றிய பெண்ணுக்குச் சிரட்டையில். சின்னாச்சி பார்த்துக்கொண்டிருந்தார். ஒன்றும் சொல்லவில்லை. மருத்துவிச்சி குடித்துவிட்டு, போகும்போது சொன்னார்: "நாச்சியார், கையை முதல் சூடாக்கிப்போட்டுத் தொடுங்கோ. குளிர்ந்த கை பட்டால் பொம்பிளை இறுகிப்போவாள். அது உங்கட புத்தகத்திலை இருக்காது."

அவர் இறந்த செய்தி பல மாதம் கழித்துத்தான், வேறு ஊரில் வேலை செய்துகொண்டிருந்த சின்னாச்சிக்குக் கிடைத்தது.

*

அந்தச் சூடாக்கிய கையை நான் கண்டிருக்கிறேன். கண்டது இன்னதென்று 2014 வரை எனக்குத் தெரியாது.

1995 ஒக்டோபர் 30. வலிகாமத்தை விட்டு எல்லோரும் வெளியேறச் சொல்லி ஒலிபெருக்கியில் அறிவித்த இரவு. எனக்கு ஏழு வயது. நாலைந்து இலட்சம் சனம் ஒரே றோட்டால் செம்மணியையும் நாவற்குழிப் பாலத்தையும் நோக்கிப் போனது. மழை. அடி அடியாகத்தான் நகரமுடியும். பாலத்துக்குக் கிட்ட ஒரு பெண்ணுக்கு வலி கண்டுவிட்டது. சின்னாச்சிக்கு 64 வயது, வேலையை விட்டு ஒன்பது வருடம், கையில் பை இல்லை. இரண்டு சேலையை மறைப்பாகப் பிடித்தார்கள். யாரோ கொடுத்த புது பிளேட்டை மெழுகுதிரி நெருப்பில் பிடித்தார். சேலைக் கரையிலிருந்து நூல் உருவினார். ரோச் லைற் பிடிக்க என்னை விட்டார்கள். சின்னாச்சி இரண்டு உள்ளங்கையையும் உரசி உரசி, கக்கத்துக்குள் வைத்து, திரும்பவும் உரசினார். குளிருக்குச் செய்கிறார் என்று நினைத்தேன். பெண் பிள்ளை பிறந்தது, அழுதது. சின்னாச்சி உடனே அதைத் தாயின் முலையில் வைத்தார். சனம் எங்களைத் தாண்டிப் போய்க்கொண்டேயிருந்தது.

அந்தத் தாய் யார், எந்த ஊர், என்ன ஆக்கள் என்று ஒருவரும் கேட்கவில்லை. சின்னாச்சி அதைச் சொல்லிவிட்டுச் சிரித்தார். "அண்டைக்கு இரவு மட்டும். அடுத்தநாள் போய் ஒதுங்கின இடத்திலை எந்தக் கிணத்திலை ஆர் அள்ளுறது எண்ட கதை துவங்கியிட்டுது."

1996இல் ஊருக்குத் திரும்பியபோது வீட்டில் கதவுநிலைகளும் இல்லை, பரணும் இல்லை. 'பிரசவ வைத்தியம்' அதோடு போனது.

*

தொலைபேசியில் இதையெல்லாம் சொன்ன அன்று சின்னாச்சி அந்தப் பெண்ணை 'அவ' என்றார். அவள் என்று சொல்லவில்லை. யாழ்ப்பாணத்து வாசகருக்கு இந்த வித்தியாசத்தை விளக்கத் தேவையில்லை. எங்கள் வீட்டில் அவரை 'அவ' என்று சொன்ன முதலாவது ஆள் சின்னாச்சிதான். அதற்கு 73 வருடம் எடுத்தது. "கிறீன் துரையின்ரை பேரைச் சொல்லித்தான் மோனை நான் வேலைக்குப் போனன். அவவின்ரை பேரைச் சொல்லியிருந்தால் விட்டிருக்கமாட்டினம். பேரும் தெரியாது" என்றார்.

2016இல் எழுதிய வாழ்க்கைக் குறிப்பில் இதை அரைப்பக்கத்துக்கு எழுதியிருந்தேன். அச்சுக்குப் போகமுதல் வெளிநாட்டிலுள்ள சொந்தங்களுக்கு அனுப்பிவைத்தார்கள். கனடாவிலிருந்து ஒரு மாமா எடுத்தார். அன்பாகத்தான் கதைத்தார். "தம்பி, நல்லா எழுதியிருக்கிறாய். ஆனால் செத்தவீட்டுப் புத்தகத்திலை உதெல்லாம் ஏன்? பிள்ளையளுக்குக் கலியாணம் பேசுற நேரம். அந்தத் துண்டை மட்டும் எடுத்துவிடு. கிறீன் போதும்."

ஆறு மணிக்கு வேலை. மேலே சமையற்காரர் கூப்பிட்டுவிட்டார். நான் அந்தத் துண்டை எடுத்துவிட்டேன். எடுக்க ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. ஐந்நூறு பிரதி அச்சானது.

நானும் இங்கே வேலைக்குப் பின்கதவால்தான் போகிறேன். குப்பைத் தொட்டிகளுக்குப் பக்கத்தால். முன்னால் இருந்து சாப்பிடுகிறவர்களுக்கு என் முகம் தெரியாது. இதை வைத்து நானும் அவவும் ஒன்று என்று சொல்லவரவில்லை. அது பொய். எனக்கு மாதக் கடைசியில் சம்பளச்சீட்டு வருகிறது. அதில் என் பெயர் முழுதாக இருக்கிறது. நான் அழித்த ஆளுக்கு அது இருக்கவில்லை.

கிறீனைக் குறைத்துச் சொல்வது என் நோக்கம் அல்ல. அவருக்குப் புத்தகம் இருக்கிறது, மானிப்பாயில் அவர் பெயரில் ஆஸ்பத்திரி இருக்கிறது, கல்லறையில் எழுத்து இருக்கிறது. எழுத்து இருப்பவர்களை வைத்து வரலாறு எழுதுவது எளிது. சாட்சி சொல்ல எழுத்து இல்லாதவரை நாங்கள்தான் எழுதவேண்டும். அதைச் செய்யக் கிடைத்த ஒரே சந்தர்ப்பத்தில் நான் செய்யவில்லை.

வாசகர்களிடம் ஒன்று கேட்கிறேன். உங்களில் ஐம்பது, அறுபது வயதைத் தாண்டியவர்கள் பலர், அல்லது உங்கள் தாய் தகப்பன்மார், இப்படி ஒருவருடைய கையில்தான் விழுந்திருப்பீர்கள். அவர் பெயர் என்ன என்று வீட்டில் கேளுங்கள். தெரியாது என்பார்கள். திரும்பவும் கேளுங்கள். அவருடைய பேரப்பிள்ளைகள் உங்கள் நகரத்திலேயே இருக்கக்கூடும். சாதிப்பெயர் வேண்டாம், தொழிற்பெயர் வேண்டாம், தாய் தகப்பன் வைத்த பெயரைக் கேட்டு எழுதி வையுங்கள். சுதுமலைப் பக்கத்தில் 1958க்குப் பிறகு இறந்த அந்த மருத்துவிச்சியின் பெயர் யாருக்காவது தெரிந்தால் இந்தப் பத்திரிகைக்கு எழுதுங்கள். சின்னாச்சியின் அறிக்கையில் 'தெரியாது' என்று உள்ள இடத்தை நிரப்பவேண்டும்.